ஒலிம்பிக் நேரலை: பக்கத்து வீட்டுக் கூச்சல் முந்திக்கொள்கிறதா?
சார், பெங்களூர் ஒயிட்ஃபீல்டு ஃப்ளாட்டில் செயலி வழியே ஹாக்கி பார்க்கையில், உங்கள் டிவியில் கோல் விழுமுன்பே பக்கத்து வீட்டில் கத்திவிடுகிறார்கள் என்கிறீர்கள். இணைய வேகத்தைக் கூட்டிப் பெரிய பயனில்லை. செயலி வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வாங்கி, இரண்டு மூன்றைச் சேர்த்துவைத்துத்தான் ஓட்டும். 20, 30 விநாடி பின்தங்குவது சகஜம். நடுவில் நிறுத்தினால் இன்னும் கூடும், அப்போது ‘லைவ்’ பொத்தானை அழுத்துங்கள்.

உண்மையான தீர்வு டிஷ்தான், அது இப்படித் துண்டுகளைச் சேர்த்துவைத்துக் காத்திருக்காது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. பாரிஸ் 2024-ஐ டிடி ஸ்போர்ட்ஸ் காட்டியது. பெங்களூரிலிருந்து அதன் செயற்கைக்கோள் ஜிசாட்-15 தென்கிழக்கே, அடிவானிலிருந்து சுமார் 66 டிகிரி உயரத்தில் இருக்கிறது. பால்கனியில் வைத்தால் மேல்வீட்டுத் தளம் மறைக்கும், மொட்டை மாடியே சரி. 100 மீட்டர் ஓட்டத்தின்போது மட்டும் வாட்ஸப் குழுவை மூடிவையுங்கள், அது டிஷ்ஷையே முந்தும்!