கையில் விசிறி, தலையில் கரகம், எதிரே கைபேசி

கேள்வி: நான் திருநங்கை. இன்ஸ்டாகிராமில் நடன வீடியோ போடுகிறேன். இரண்டு பட்டு விசிறிகளை விரித்தால் கைகள் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகின்றன. விசிறி திறந்ததும் முகமும் இருண்டுவிடுகிறது. என்ன செய்யலாம்? - வாசகி, மதுரை

பதில்: முதலில் கணக்கு. உங்கள் உயரம் 165 செ.மீ. என்றால், விரித்த கைகளின் அகலமும் ஏறக்குறைய அதேதான். பக்கத்துக்கு 30 செ.மீ. விசிறி சேர்த்தால் 225 செ.மீ. நிமிர்த்தி வைத்த கைபேசியின் 9:16 ஃபிரேமில் இந்த அகலம் அடங்க வேண்டுமானால் உயரம் 400 செ.மீ. ஆகிவிடும், திரையில் நீங்கள் பாதி உயரம்கூட இருக்க மாட்டீர்கள். எனவே பக்கவாட்டில் விரிப்பதைக் குறைத்து, ஒன்றைத் தலைக்கு மேலும் மற்றொன்றை இடுப்பருகிலும் வையுங்கள். நிற்கும் இடத்தில் இருபுறமும் ஃபிரேம் முடியும் எல்லையைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

முகம் இருள்வதற்குக் காரணம் பெரும்பாலும் விசிறியின் வெள்ளைத் துணி. அது ஃபிரேமை நிறைத்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. கறுத்த முகம்தான் முதலில் அடிவாங்கும். ரெக்கார்ட் செய்வதற்கு முன், திரையில் உங்கள் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவை லாக் செய்யுங்கள். மஞ்சள், அரக்குச் சிவப்பு விசிறிகளில் இந்தத் தொல்லை குறைவு. முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். விசிறி குறுக்கே போனதும் ஃபில்டர் முகத்தைத் தவறவிடும், நிறம் வெட்டி வெட்டி மாறும். நம் நிறமே நன்றாகத்தான் இருக்கிறது. எல்இடி விளக்கில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாடையையும் தோளையும் மறைக்கவே விசிறி பிடிப்பவர்கள் உண்டு. மறைக்கத் தூக்கிய கை இறுகிப்போகும். அசைகிற பொருளைத் தேடும் பார்வையாளரின் கண்ணும் நேரே அங்கேதான் போகும். முகம் பேச வேண்டிய பாட்டு வரியில் விசிறியை மெல்ல மூடி இடுப்புக்கு இறக்கிவிடுங்கள். மூடுவதற்கே ஒரு தாளச் சுற்று முழுதாக எடுத்துக்கொள்ளலாம். அந்த நிதானத்தில்தான் நீங்கள் யாரென்று தெரியும்.

கேள்வி: விக் வைத்துக் கரகம் ஆடினால் சறுக்குகிறதே?

பதில்: சறுக்குவது கரகமல்ல, அடியிலிருக்கும் விக். சொந்த முடியை உச்சியில் மேடில்லாமல் படியப் பின்னி, வெல்வெட் பட்டை கட்டி, அதன்மேல் விக்கைப் பொருத்தி நான்கு புறமும் கிளிப் போடுங்கள். கொண்டை உச்சியில் வேண்டாம், பிடரியில் இருக்கட்டும். சொம்பில் அரிசியை அரைகுறையாகப் போட்டால் சுழலும்போது ஒரு பக்கம் ஒதுங்கி எடை சாயும்; அசையாதபடி இறுக்கி நிரப்புங்கள். கையில் விளக்கு ஏந்துவதானால் பேட்டரி விளக்கே போதும். செயற்கை முடியும் நைலான் புடவையும் தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: நான் திருநம்பி. லைவில் சிலம்பம் சுற்றுகிறேன். கம்பு ரப்பர் மாதிரி வளைந்து தெரிகிறது.

பதில்: கைபேசியின் சென்சார் படத்தை வரி வரியாகப் பதிவதால் வரும் வளைவு அது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் போகாது. முக்கியமான வீச்சுகளை மட்டும் வேகம் தணித்துச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நெற்றி உயரக் கம்பு ஆபத்து. 4 அடி போதும், சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடையான பைண்டரைப் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள், மூச்சு முட்டும். ஸ்போர்ட்ஸ் பிராவும் தொளதொளத்த சட்டையும் போதும். மார்பில் கிரேப் பேண்டேஜ் சுற்றுவது எந்த நாளும் கூடாது.

கேள்வி: செல்ஃபி கேமராவில் கொடி தலைகீழாகத் தெரியுமா?

பதில்: திருநர் கொடிக்கு அந்தக் கவலை இல்லை. 1999-இல் அமெரிக்கத் திருநங்கை மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைத்தபோதே நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம் என்று எப்படிப் பிடித்தாலும் சரியாக இருக்கும்படி வைத்தார். எழுத்துள்ள பதாகைதான் சில செயலிகளில் இடவலம் மாறும். 5 நொடி பதிவு செய்து பார்த்துவிடுங்கள். ஆட்டத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் எடுத்தால், அதில் வீட்டை அடையாளம் காட்டிவிடும் வாசல், ஜன்னல், தெருப்பலகை எதுவும் விழாத கோணமா என்றும் அதே பதிவில் சோதியுங்கள்.