குடியால் சுருங்கும் மூளையை ஆராய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் மகளுடன் வந்திருந்தபோது, நாம் பேசிக்கொண்டிருக்கையில் அவள் தன் தாய்மாமனின் ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சார், நடுவிலே இருக்கிற இந்தக் கருப்பு இடம் ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது?" என்று கேட்டாள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். வீட்டு வேதனையை ஒரு பெண் படிப்பாக எடுத்துக்கொள்ள நினைப்பது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவள் கேட்டது இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்விதான் என்பதால், பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கருப்பு இடம் நம் எல்லோர் மூளைக்குள்ளும் நீர் நிறைந்திருக்கும் அறை. சுற்றியுள்ள திசு சுருங்கச் சுருங்க அந்த அறை அகன்றுகொண்டே போகும். பல ஆண்டுகள் விடாமல் குடிப்பவர்களுக்கு மூளையின் முன்மடல், சிறுமூளையின் நடுப்பகுதி, நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள் ஆகியவை குறிப்பாகப் பாதிக்கப்படுகின்றன. முடிவெடுக்கும் திறன் குறைவதும், குடிக்காத நேரத்திலும் நடை தள்ளாடுவதும் இதனால்தான். போகாத சந்தைக்கு நேற்றுப் போய் வந்ததாக உங்கள் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார் என்றீர்கள். அவருக்கு வந்திருப்பது என்ன என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் ரஷ்ய மருத்துவர் கோர்சகாஃப் 1887-இல் விவரித்த மறதி நோயில் இப்படி நடப்பதுண்டு. அதன் அடிவேர் தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைபாடு. 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே விவரித்த அதன் தீவிரக் கட்டத்தில் உடனே தயமின் ஊசி போட்டால் பெரும் சேதத்தைத் தவிர்க்க முடியும். ஆகவே மகளின் படிப்பை முடிவு செய்வதற்கு முன்பே அண்ணனை நரம்பியல் மருத்துவரிடமும், குடிநோய் சிகிச்சைப் பிரிவிலும் காட்டிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "குடிகாரர் மூளையைப் படமெடுத்துப் பார்ப்பது ஒரு வேலையா?" என்று கேட்டீர்கள். அல்சைமர் நோயிலும் மூளை சுருங்குகிறது. அங்கே நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி முதலில் அடிபடுகிறது, சுருக்கம் நிற்காமல் தொடர்கிறது. குடியால் சுருங்கிய மூளையோ, குடியை விட்டால் ஓரளவு மீள்கிறது. அமெரிக்காவில் அடோல்ஃப் ஃபெஃபர்பாம், ஈடித் சல்லிவன் ஆகிய இருவரும் ஒரே நபர்களுக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்து இதை ஆராய்ந்தவர்கள். பிரான்ஸில் 2008 முதல் 2013 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 65 வயதுக்கு முன்பே டிமென்ஷியா (நினைவும் அறிவுத்திறனும் தேயும் நோய்) வந்த 57,353 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குடியோடு தொடர்பு இருந்தது தெரியவந்தது. ஐம்பது வயதில் ஒருவர் மறதியோடு வந்து நின்றால், அது முதுமையா, அல்சைமரா, குடியா, சத்துக்குறைவா, என்றோ விழுந்து தலையில் பட்ட அடியா என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரித்தறிய உதவும் படங்களும் கணக்குகளும் யாராவது உட்கார்ந்து உருவாக்க வேண்டியவை. அந்த வேலைக்குத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள். அது வீண் ஆசை என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பெயரில் ஓர் இளநிலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். குறிப்பிட்ட நோயை ஆராய்வது என்பது முதுநிலைக்குப் பிறகு எடுக்கும் முடிவு. இப்போது வேண்டியது, அந்த ஆராய்ச்சிக்குப் போகாவிட்டாலும் சோறு போடக்கூடிய ஓர் அடிப்படைப் படிப்பு. பயோ மேத்ஸ் குரூப் எடுத்திருப்பதால் அவளுக்கு எல்லா வாசல்களும் திறந்தே இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். கிடைத்தால் பிறகு கதிரியக்கவியலோ மனநல மருத்துவமோ படிக்கலாம். துணை மருத்துவக் கலந்தாய்வில் கதிரியக்கப் படத் தொழில்நுட்பம் எடுத்தால், படிப்பு முடித்ததுமே ஸ்கேன் மையத்தில் வேலைக்குச் சேரலாம். ஆராய்ச்சிக்கு வருவதற்கு அந்த வழி சற்றுச் சுற்று. பொறியியலில் பயோமெடிக்கல் இருக்கிறது. இயற்பியல் படித்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் உள்ளதுபோல் மருத்துவ இயற்பியலில் முதுநிலை முடிப்பது மற்றொரு வழி. உளவியல் வழியாக வருவோரும் உண்டு.

என்னைக் கேட்டால், கணக்கும் இயற்பியலும் விட்டுப்போகாத வழியையே சொல்வேன். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் 3 டெஸ்லா காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 60,000 மடங்கு; அதற்குள் உடலிலுள்ள நீரின் அணுக்கருக்கள் தரும் மெல்லிய சமிக்ஞையைக் கணக்கால்தான் படமாக்குகிறார்கள். அந்தக் கணக்கு தெரியாதவர் பிறர் தரும் படத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் போய்விடும். நான் வழிகாட்டிய ஒரு மாணவர் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நான்கு மாதங்கள், ஒவ்வொரு ஸ்கேனாகத் திறந்து, படமெடுக்கும்போது தலை அசைந்து கலங்கிப்போனவற்றை ஒதுக்கும் வேலையை மட்டுமே செய்தார். நடுக்கத்தோடு வரும் குடிநோயாளிகளின் படங்களில் இது அதிகம். கலங்கிய படத்தை அப்படியே அளந்தால் மூளை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகச் சுருங்கியதாகக் காட்டிவிடும் என்றார். அந்தப் பொறுமை உங்கள் மகளுக்கு உண்டா என்று பாருங்கள். மதிப்பெண்ணைவிட அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சந்தேகப்படும் பழக்கமும் வேண்டும். பிரிட்டனில் 36,678 பேரின் ஸ்கேன்களை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு, மிதமாகக் குடிப்பவர்களிடமும் மூளையின் கனஅளவு குறைவாக இருப்பதைக் காட்டியது. பெரிய ஆய்வு, முக்கியமானதும்கூட. ஆனால் ஒருமுறை எடுத்த படம், குடிதான் சுருக்கியது என்று தனியாக நிரூபித்துவிடாது.

தூரத்தைப் பற்றிப் பயந்தீர்கள். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் போதைநோய் மருத்துவத்துக்குத் தனி மையமே இருக்கிறது. குடிநோயாளிகளின் பிள்ளைகளுடைய மூளை வளர்ச்சியையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். அதே ஊரில் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரா வட்டாரக் கிராம மக்களின் மூளை முதுமையில் எப்படி மாறுகிறது என்று பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையைச் செல் அளவில் படமாக்கும் இடம். எல்லாம் ஓர் இரவுப் பயணத்துக்குள்தான்.

காலத்தையும் பணத்தையும் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுநிலைக்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளாவது ஆகும். முப்பது வயதை நெருங்கும்வரை நிலையான வேலை இருக்காது. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு போன்றவற்றில் ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். உங்களிடம் மேற்கொண்டு பணம் கேட்க வேண்டியிராது, ஆனால் வீட்டுக்குப் பெரிதாக அனுப்பவும் முடியாது. கடன் அடைக்க அவள் சம்பளத்தை எதிர்பார்த்திருப்பதாகச் சொன்னீர்களே, அப்படியானால் பயோமெடிக்கல் பொறியியல் படித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பட்டும். அதற்குள் கதவு மூடிவிடாது.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வாருங்கள். அதற்குள், இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்களை வைத்துக்கொண்டு, ஒருவர் குடியை விட்டாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம், எங்கே ஏமாந்துபோகலாம் என்பதை ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். பதினோராம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும், மாமாவின் அந்த ஸ்கேன் உறையும் கையோடு இருக்கட்டும்.