திருநெல்வேலியிலேயே இருந்துவிடலாமா, சென்னைக்குப் போயே ஆக வேண்டுமா?

கேள்வி கேட்ட தம்பி தன் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். வயது 27, பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மாதம் 32,000 ரூபாய் சம்பளம், சென்னையிலிருந்து 50,000 ரூபாய்க்கு அழைப்பு வந்திருக்கிறது, இங்கே பெற்றோருடன் சொந்த வீட்டில் இருக்கிறார். போவதற்கு மனம் முழுதாக ஒப்பவில்லை, ஆனால் "இன்னுமா ஊர்லயே கெடக்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதைத் தாங்க முடியவில்லை என்கிறார். நான் 2008 முதல் பதினொரு ஆண்டுகள் சென்னையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த 2019 நவம்பரில் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்குத் திரும்பியவள். இப்போது வண்ணார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். இரண்டு ஊரிலும் வாடகை கொடுத்து வாழ்ந்த அனுபவத்திலிருந்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. எந்த ஊர் எனக்கு ஒத்துவரும் என்பது ஒன்று. எந்த ஊரில் இருந்தால் என்னை யாரும் தாழ்வாகப் பார்க்க மாட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி மனத்துக்குள் உட்கார்ந்திருக்கும்வரை முதல் கேள்விக்குப் போடும் கணக்கு எதுவும் நேராகாது என்பதால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது கிண்டியில். சேர்ந்த இரண்டாவது வாரம், மதிய உணவு நேரத்தில் அம்மாவிடம் தொலைபேசியில், "அப்பா மருந்து வாங்கிட்டு வந்தாவளா? சரி, நான் ராத்திரி சொல்லுதேன்" என்று பேசி முடித்துவிட்டுத் திரும்பினேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர்களில் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சொல்லுதேன்" என்பதை வணக்கம்போலச் சொல்லத் தொடங்கினார். அவர் மனத்தில் வன்மம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் நான் அம்மாவிடம் பேச மாடிப்படிக்குப் போக ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் மாடிப்படியிலும் "சொல்றேன்", "வந்தாரா" என்றே பேசினேன். ஒரு நாள் அம்மா, "ஏட்டி, யாரோ மாதிரி பேசுத?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் எதுவும் பேசாமல் இருந்தாள். அந்த மௌனம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

எங்கள் பேச்சில் அப்பாவையோ கணவரையோ மூத்தவர் எவரையுமோ குறிக்கும்போது 'வந்தாவ', 'இருக்காவ', 'அவிய' என்றுதான் சொல்வோம். 'வந்தார்கள்', 'இருக்கிறார்கள்', 'அவர்கள்' என்ற மரியாதைப் பன்மையின் பேச்சு வடிவங்கள் இவை. அதாவது அவர்கள் சிரித்தது, என் அப்பாவுக்கு நான் கொடுத்த மரியாதையின் இலக்கணத்தைக் கேட்டு. இதை அன்று எடுத்துச் சொல்லும் தெளிவோ துணிவோ எனக்கு இருக்கவில்லை. ஆனால் வேறொன்றைப் பிறகு தெரிந்துகொண்டேன். "சொல்லுதேன்" என்று ஓயாமல் சொன்னவருடைய தகப்பனார் கோவில்பட்டியிலிருந்து போனவர். அவருடைய வீட்டில் அவருடைய ஆச்சி இதே மாதிரிதான் பேசுவாராம். சென்னையில் பிறந்து வளர்ந்த மற்ற மூவரும் ஒரு வாரத்தில் மறந்துபோனதை, எங்கள் பக்கத்து வேர் உள்ள அவர் மட்டும்தான் ஒன்றரை ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

'அண்ணாச்சி' என்ற சொல்லையும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அது மூத்த ஆண் எவரையும், அறிமுகமில்லாதவரையும்கூட, மதித்து அழைக்கும் சொல். பேருந்தில் நகர்ந்து உட்காரச் சொல்வதற்கும் அதுதான், வக்கீலிடம் வழக்கைச் சொல்வதற்கும் அதுதான். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போனவர்கள் சென்னைத் தெருக்களில் மளிகைக் கடை வைத்து, கடையிலேயே படுத்து எழுந்து ஆளானதால், அங்கே அந்தச் சொல்லுக்கு மளிகைக் கடைக்காரர் என்றே பொருளாகிவிட்டது. மேடவாக்கத்தில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் திசையன்விளைக்காரர். நாள் முழுவதும் வாடிக்கையாளரிடம் சென்னைத் தமிழில் பேசிக்கொண்டிருப்பவர், கடையில் நான் மட்டும் நிற்கும்போது குரலைத் தாழ்த்தி, "என்னம்மா, ஊருக்குப் போயிட்டு வந்தியளா? அங்க மழை உண்டுமா?" என்று கேட்பார். இருபத்திரண்டு ஆண்டு அங்கே கடை நடத்தியவருக்குச் சொந்தப் பேச்சுக்குக் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சென்னையில் பட்டது சிறிது, திரும்பி வந்த பிறகு இங்கே பட்டதுதான் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜனவரியில் டவுனில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, துஷ்டி வீட்டில் துக்கம் கேட்கிற குரலில், "ஏன் வந்துட்டிய? அங்க சரிப்படலையா?" என்று கேட்டார். எதிர் வரிசையில் இருந்த என் கணவரின் காதிலும் அது விழுந்தது. அவர் அப்போதுதான் முந்தைய சம்பளத்தில் பாதிக்கு இங்கே ஒரு குழாய் மொத்த விற்பனைக் கடையில் சேர்ந்திருந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் நாங்களே முடிவெடுத்து வந்தோம் என்று சொன்னேன். சித்தி தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. சித்தியின் மகன் குரோம்பேட்டையில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருபது ஆண்டுக் கடனோடு இருக்கிறான். காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பது மணிக்கு வருகிறான். அவன் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவன் வாழ்வுக்குப் பெயர் முன்னேற்றம், எங்கள் வாழ்வுக்குப் பெயர் பின்வாங்கல் என்று எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது இது இன்னும் வெளிப்படையாக வந்தது. அவன் பாளையங்கோட்டையில் நிரந்தர வேலையில் இருக்கிறான். தரகர் குறிப்பேட்டைத் திறந்ததும், "பையன் சென்னையா, வெளிநாடா?" என்றுதான் கேட்டார். இரண்டு வீட்டார், "பொண்ணு திருநெல்வேலியில வந்து என்ன செய்வா?" என்று சொல்லி ஒதுங்கினார்கள். அந்த இரண்டு வீடுமே எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் கால் மணி நேரத் தொலைவில், இதே ஊரில்தான் இருக்கின்றன.

பிறர்மேல் பழி போட்டுவிட்டு என் வீட்டை விட்டுவிட முடியாது. என் அம்மா சேரன்மகாதேவிக்காரி. தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். பனையும் செம்மண்ணுமாக இருக்கும் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்தை அவள் 'காட்டுப்பக்கம்' என்றுதான் சொல்வாள். அங்கிருந்து வந்த மருமகளின் குழம்பைக் குறை சொல்லும்போது அந்தச் சொல் தவறாமல் வரும். சென்னையில் எனக்காகக் குரலைத் தாழ்த்திய அண்ணாச்சி, என் அம்மாவின் கணக்கில் காட்டுப்பக்கத்தார். எங்களை ஒருவர் பட்டிக்காடு என்றால் கொதிக்கிறோம், எங்களுக்குக் கீழே ஒரு பட்டிக்காட்டை வைத்துக்கொள்ளவும் தவறுவதில்லை.

இதைவிடக் கனமான ஒன்றும் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் "எந்த ஊரு?" என்று கேட்டு, அடுத்து "அங்க எந்தத் தெரு?" என்று கேட்டால், கேட்பவர் தேடுவது முகவரியை அன்று, சாதியை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் அதே பள்ளி மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பின்னர்தான் பள்ளி, கல்லூரிகளில் சாதிப் பிரிவினையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. ஊர்ப் பெருமை பேசி உங்களை இங்கே இருக்கச் சொல்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். சென்னையிலும் 'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு நாங்கள் வீடு கேட்காமல் திரும்பியிருக்கிறோம். இருந்தாலும் தெருப் பெயரைச் சொல்லத் தயங்கும் நிலையில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, யாரும் யாரையும் கேட்காத பெருநகரம் தரும் விடுதலை எந்த வாடகையையும்விடப் பெரியது. அப்படிப்பட்ட ஒருவர் சென்னைக்குப் போனால் அவரிடம் ஊர்ப்பற்றைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். பணக் கணக்கு எளிதானது. 2019இல் மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 16,500 ரூபாய் கொடுத்தோம். பராமரிப்புக்கு 2,000 ரூபாய் தனி. அந்த ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீருக்கும் கொடுத்தோம். இங்கே பெருமாள்புரத்தில் அதைவிடப் பெரிய வீட்டுக்கு 8,500 ரூபாயில் குடியேறினோம். சொந்த வீட்டில் இருக்கும் உங்களுக்கு, கூடுதலாக வரும் 18,000 ரூபாயில் அறை வாடகையும் சாப்பாடும் ஊருக்கு வந்துபோகும் செலவும் போனால் கையில் நிற்பது மிகக் குறைவு. திருமணமாகித் தனி வீடு எடுத்தால் அதுவும் நிற்காது.

ஆனால் சென்னையின் உண்மையான வரவு முதல் மாதச் சம்பளத்தில் தெரியாது. இரண்டாவது வேலையில்தான் தெரியும். என் கணவருடைய நிறுவனம் 2013இல் திடீரென ஆட்களைக் குறைத்தபோது, வீடு மாற்றாமல், குழந்தையின் பள்ளியை மாற்றாமல், ஐந்து வாரத்தில் அவருக்கு அடுத்த வேலை கிடைத்தது. திருநெல்வேலியில் அப்படி நடந்திருந்தால் எங்களுக்கு எத்தனை மாதம் ஆகியிருக்குமோ. கங்கைகொண்டானில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது; தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடக்கிறது; மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் வேறு வகைப் படிப்புக்காரர்களுக்கு வேலை தருகின்றன. எல்லாம் சேர்த்தும், இருக்கும் இடத்தைவிட்டு அடுத்த படிக்குத் தாவ இங்கே கற்கள் குறைவு. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறோம். தூய சவேரியார் கல்லூரி தொடங்கியது 1923இல், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990இல். நூறாண்டாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர், படித்தவர்களை உட்காரவைக்க நாற்காலி போடவில்லை. கோபப்படுவதென்றால் வெளியூர்க்காரர் சிரித்ததற்கு அல்ல, இதற்குத்தான் கோபப்பட வேண்டும்.

சென்னைக்காரர்கள் ஒட்ட மாட்டார்கள் என்று இங்கே சொல்வதையும் நான் ஏற்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், நான்கு ஆண்டு முகம் பார்த்துப் பேசாத மேல்வீட்டுக்காரர்கள்தான் எங்களை இரண்டு இரவு தங்கள் கூடத்தில் படுக்கவைத்தார்கள், என் மகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே வெள்ளம் வந்து, ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்திலேயே தண்ணீர் புகுந்தபோது, பெருமாள்புரத்திலும் அதே மாதிரிதான் அடுத்த வீட்டார் சோறு கொண்டுவந்தார்கள்.

திருநெல்வேலி எனக்குத் தந்தது நேரம். அலுவலகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். அப்பாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில், மதியம் வீட்டுக்கு வந்து, சாதத்தை மோரில் கரைத்து அவருக்கு ஊட்டிவிட்டுத் திரும்ப முடிந்தது. இடது கடைவாயில் வழிவதைத் துடைக்க அவருக்குப் பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வார். துண்டை அவர் வலது கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். சென்னையிலிருந்து மாதம் எவ்வளவு அனுப்பியிருந்தாலும் இதை அனுப்பியிருக்க முடியாது. ஆற்றைப் பற்றி நான் பெருமை பேச மாட்டேன். குறுக்குத்துறையில் அப்பா எனக்கு நீச்சல் கற்றுத்தந்த அதே இடத்தில் இன்று சாக்கடை கலக்கிறது, என் மகளை அங்கே இறக்கவில்லை.

உங்கள் வயதில், உங்கள் துறையில், பெற்றோர் நடமாட்டத்தோடு இருக்கிறார்கள் என்றால், மூன்று அல்லது நான்கு ஆண்டு சென்னைக்குப் போய்வருவது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே கிடைக்கும் வேலை, இப்போது செய்வதையே கூடுதல் சம்பளத்துக்குச் செய்வதாக இல்லாமல், இங்கே கற்க முடியாத ஒன்றைக் கற்றுத் தருவதாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் போகாதீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு உடம்பு தளரத் தொடங்கியிருந்தாலும் போகாதீர்கள். 2023 செப்டம்பர் முதல் ஓடும் வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் சென்னையிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறது என்பது உண்மைதான், ஆனால் இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தால் அந்த எட்டு மணி நேரம் மிக நீளமானது. எந்த முடிவிலும் சொந்தக்காரர்களின் கேள்விக்குப் பங்கு கொடுக்காதீர்கள். நீங்கள் போனால் அவர்கள் "எப்போ வீடு வாங்கப் போற?" என்று கேட்பார்கள், என்னிடம் கேட்டார்கள்.

அந்த நிறுவனத்திடம் சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அதில் ஐந்து வேலைநாள் சென்னையில் ஒரு நண்பரின் அறையில் தங்கி, காலை எட்டரைக்கு அந்த அலுவலக வாசல்வரை பேருந்திலோ ரயிலிலோ போய், மாலை ஆறரைக்குத் திரும்பிப் பாருங்கள். பக்கத்துத் தெருக்களில் வாடகையும் முன்பணமும் நேரில் விசாரியுங்கள். அந்த ஐந்து நாளும் இரவில் வீட்டுக்குப் பேசும்போது, அறையில் யார் இருந்தாலும், அம்மாவிடம் எப்போதும் பேசுகிற மாதிரியே பேசுங்கள்.