திருகோணமலையில் இசைச் சிகிச்சையைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

மட்டக்களப்பு விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படித்துவிட்டு, ஊரிலேயே இருந்து இசைச் சிகிச்சையாளராகப் பிழைக்க முடியுமா, எந்த நோய்க்கு எந்த இராகம் என்று எங்கே கற்பது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

பிழைக்கலாம். ஆனால் வைத்தியசாலையை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது. எனக்குச் சோறு போடுவது மாலை வகுப்புகள்தான்: வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள், மார்கழி நெருங்கினால் திருவெம்பாவை பழக வருபவர்கள், உப்புவெளியில் முதியோர் பாட்டுக் குழு ஒன்று.

இராகப் பட்டியலைத் தேடி அலையாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கு இது, நீரிழிவுக்கு அது என்று கைத்தொலைபேசிகளில் சுற்றுபவற்றுக்கும் இந்தத் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. இந்த மனிதரால் இன்று எதைச் செய்ய முடியவில்லை என்பதில்தான் வேலை தொடங்குகிறது. பார்க்கின்சன் நோயாளிக்கு இராகமே வேண்டாம். அவருடைய நடை வேகத்தைக் கணித்து அதற்கேற்ற சீரான தாளம் கொடுத்தால் போதும், பலருக்கு அடி தடுமாறாமல் விழும்.

பாரிசவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். நாம் சொல்வது விளங்கும்; அவருக்குச் சொல் வராது. தண்ணீர் கேட்க முயன்று முடியாமல் கட்டிலில் அடிப்பார். ஆனால் சம்பந்தரின் கோணமலைப் பதிகத்தை எடுத்துக் கொடுத்தால் வரி பிசகாமல் கூடப் பாடுவார். கோணேசர் அருள் என்று மகள் அழுதுவிட்டார். (மறுக்க நான் யார்?) என்றாலும் மனப்பாடமான பாட்டு வாயில் வருவதால் மட்டும் நினைத்ததைச் சொல்ல வந்துவிடாது. எனவே பதிகத்தை ஒதுக்கிவிட்டு, 1970களில் அமெரிக்காவின் பொஸ்டனில் உருவான முறைக்குப் போனோம். 'தண்ணி வேணும்' என்பதை ஷட்ஜம், சாதாரண காந்தாரம் என இரண்டே சுரங்களில் இழுத்துப் பாட வேண்டும். அசைக்கு ஒரு தட்டாக அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வேண்டும். முதலில் சேர்ந்து பாடுவோம். பிறகு நான் பாதியில் நிறுத்த அவர் முடிப்பார். கடைசியில் மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுவோம். தண்ணீர் இப்போது பேச்சாகவே வருகிறது. 'தேத்தண்ணி' இன்னும் பாட்டாகத்தான் வருகிறது. மனைவி அதே மெட்டில் 'சீனி போடவா?' என்று கேட்கிறார்.

வகுப்பில் அபசுரம் வந்தால் நிறுத்தித் திருத்துகிறோமே, அந்தப் பழக்கத்தைக் கட்டிலருகே விடுவதுதான் சங்கீத ஆசிரியருக்குப் பெரும்பாடு.

இப்போதே சிகிச்சையாளர் என்று பெயர்ப்பலகை மாட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் பட்டத்தோடு 1200 மணி நேரப் பயிற்சியும் சான்றிதழ்ப் பரீட்சையும் கேட்கிறார்கள். பிரித்தானியாவில் பதிவில்லாமல் அந்தப் பட்டப்பெயரையே போட முடியாது. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீத்தில் இதற்கான படிப்பு இருக்கிறது. போகும்வரை, பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைக் கேட்டு அவர் வேலை செய்வதை அருகிருந்து பாருங்கள். வைத்திய நிபுணரிடம் நேரே போய் இசையின் மகிமையைப் பேசினால் சிரித்து அனுப்பிவிடுவார்.