வெளிநாட்டுல தனியா இருந்து வீகன் சமையல்: உங்க கேள்விக்கெல்லாம் பதில்

கேள்வி நிறைய வந்திருக்கு, ஒரே மாதிரி கேட்டதைச் சேர்த்து எழுதியிருக்கேன். வீகன்னா கறி, மீன் மட்டும் இல்ல, பால், முட்டை, தேன்கூட இல்லாத சாப்பாடு. எல்லாருக்கும் முதல்லயே ஒண்ணு, வீகன்னு பேர் போட்டு விக்கிற பாக்கெட் சாமானைத் தேடி அலையாதீங்க, பருப்பு பயறு அரிசி காய் இதை ஒழுங்கா வேகவைக்கக் கத்துக்கிட்டா எந்த ஊர்லயும் பொழைச்சுக்கலாம்.

கேள்வி: அக்கா, படிக்க வந்திருக்கேன். ஒரு மின் அடுப்பு, ஒரு பாத்திரம், அவ்ளோதான். பால் முட்டை எல்லாம் விட்டதுல இருந்து பிரெட்டும் ஜாமும்தான் சாப்பிடறேன். எதுல ஆரம்பிக்க?

தம்பி, தோல் நீக்கின மசூர் பருப்பு வாங்குங்க, ஆரஞ்சு கலர்ல இருக்கும். ஊறவே வேண்டாம், குக்கரும் வேண்டாம், ஒரு கப் பருப்புக்கு மூணு கப் தண்ணி விட்டா 15, 20 நிமிஷத்துல கரைஞ்சு வந்துடும். முதல்ல அதே பாத்திரத்துல எண்ணெய் விட்டு வெங்காயம் பூண்டு வதக்கிட்டு அதுலயே பருப்பைப் போட்டுடுங்க, பாதி வெந்ததும் ஃப்ரீசர்ல விக்கிற கீரை ஒரு கை, இறக்கினதும் உப்பு, எலுமிச்சை. எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்ல, பருப்புலயும் கீரைலயும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க வைட்டமின் சி உதவி பண்ணும். டீ, காபி அதைத் தடுக்கும், அதனால சாப்பிட்ட உடனே குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளி வச்சுக்கோங்க. ஃப்ரீசர் காய்னு தயங்கவே வேண்டாம், பறிச்ச கொஞ்ச நேரத்துலயே உறைய வச்சுடறதால சத்து நல்லாவே இருக்கும், நறுக்குற வேலையும் மிச்சம்.

கேள்வி: கொண்டைக்கடலை ராத்திரி பூரா ஊறினாலும் ரெண்டு மணி நேரம் வெந்தாலும் கல்லாவே இருக்கு. ஊர்ல இப்படி இல்லையே?

இது நிறைய பேருக்கு நடக்குது, உங்க கைப்பக்குவத்துல குறை இல்ல. பல ஊர்கள்ல குழாய்த் தண்ணி கடின நீர், அதுல இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் கடலைத் தோலை இளக விடாது. கெட்டில்ல வெள்ளையா படிவு பிடிக்குதான்னு பாருங்க, பிடிச்சா சந்தேகமே இல்ல. வடிகட்டின தண்ணில ஊறப்போடுங்க, இல்லன்னா ஊறுற தண்ணில கால் ஸ்பூன் சமையல் சோடா போட்டு மறுநாள் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு அலசி புதுத் தண்ணில வேகவைங்க. தக்காளி, புளிப்பு எதுவும் வெந்த பிறகுதான், முதல்லயே போட்டா புளிப்பும் வேக விடாது. ரொம்ப நாள் கடைல கிடந்த பழைய கடலைன்னா என்ன பண்ணாலும் லேசுல வேகாது, அப்போ டின் கடலை வாங்கி அலசிட்டுப் போடுங்க, அதுல எந்தத் தப்பும் இல்ல.

கேள்வி: ஸ்லோ குக்கர்ல (குறைஞ்ச சூட்டுல மணிக்கணக்கா வேகவைக்கிற மின் பாத்திரம்) ராஜ்மா போட்டுட்டு வேலைக்குப் போகலாமா?

தயவுசெஞ்சு பச்சையா போடாதீங்க!! வேகாத ராஜ்மால லெக்டின்னு ஒரு நச்சுப் புரதம் இருக்கு, சரியா வேகாம சாப்பிட்டா சில மணி நேரத்துல கடுமையான வாந்தி வரும். ஸ்லோ குக்கர் சூடு அதை அழிக்கப் பத்தாம போயிடலாம். குறைஞ்சது 5 மணி நேரம் ஊறவச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணில அடுப்புல தளதளன்னு கொதிக்க விடுங்க. 10 நிமிஷம் போதும்னு சொல்றவங்க உண்டு, நான் அரை மணி நேரம் கொதிக்க விட்டுட்டுத்தான் ஸ்லோ குக்கருக்கு மாத்துவேன். டின் ராஜ்மா ஏற்கனவே வெந்தது, பயமே இல்ல.

கேள்வி: புரோட்டீன் பத்துமா?

வயிறு நிறைய சாப்பிட்டு, தினமும் பருப்பு, பயறு, டோஃபு (சோயா பன்னீர்) இதுல ஏதாவது ரெண்டு வேளை இருந்தா பெரும்பாலானவங்களுக்குப் பத்தும். இதைவிட நீங்க கவலைப்பட வேண்டியது அடுத்த கேள்வில இருக்கு.

கேள்வி: வைட்டமின் பி 12 மாத்திரை கண்டிப்பா வேணுமா? ஸ்பைருலினா (பொடியா விக்கிற ஒரு வகைப் பாசி) போதும்னு ஒருத்தர் சொன்னார்.

போதாதுங்க. ஸ்பைருலினால இருக்கிறது பெரும்பாலும் நம்ம உடம்புக்கு உதவாத போலி பி 12. செடி கொடில இருந்து நம்பிக்கையா கிடைக்கிற பி 12ன்னு ஒண்ணு இல்ல. மோசம் என்னன்னா, ஈரல்ல இருக்கிற சேமிப்பு சில வருஷம்கூட ஓடும், அதனால "நான் எடுக்கவே இல்ல, நல்லாத்தானே இருக்கேன்"னு தோணும், அப்புறம் கை கால் மரத்துப்போறது, மறதி, சோர்வுன்னு வரும், நரம்பு பாதிப்பு ரொம்ப நாள் கவனிக்காம விட்டா திரும்பாமலே போகலாம். பெரியவங்களுக்கு ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான், ஆனா மாத்திரைல இருந்து உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கும், அதனால மாத்திரைல அளவு அதிகமா இருக்கும், அதைப் பார்த்து பயப்படாதீங்க. ஏற்கனவே மரத்துப்போற மாதிரி இருந்தா நீங்களா மாத்திரை போடாம ரத்தப் பரிசோதனை பண்ணி டாக்டரைப் பாருங்க. இந்த ஒண்ணுல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: லேபிள்ல என்ன பாக்கணும் அக்கா? அந்த ஊர் பாஷையும் சரியா தெரியாது.

பால், முட்டை, தேன், ஜெலட்டின் (விலங்கோட தோல், எலும்புல இருந்து எடுக்கிறது), வே பவுடர் (பால் திரிஞ்சு பிரியற தண்ணில இருந்து எடுக்கிற பொடி), கேசின் (பால் புரதம்) இந்த ஆறுக்கும் அந்த ஊர் வார்த்தையை எழுதி போன்ல வச்சுக்கோங்க. ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல பால், முட்டை, மீன் மாதிரி அலர்ஜி பொருளை லேபிள்ல தனியா எடுத்துக் காட்டணும்னு சட்டமே இருக்கு, பெரும்பாலும் தடிச்ச எழுத்துல இருக்கும், சட்டுனு கண்ணுல படும். தேனும் ஜெலட்டினும் அந்தப் பட்டியல்ல வராது, அதைப் படிச்சுத்தான் பாக்கணும். லாக்டோஸ் (பால்ல இருக்கிற சர்க்கரை) இல்லாததுன்னு போட்டிருந்தாலும் அது பாலாவே இருக்கலாம், ஏமாறாதீங்க. லேபிள்ல சேர்மானங்களுக்கு இ எண்ணும் போட்டிருப்பாங்க, இ 120 பூச்சில இருந்து எடுக்கிற சிவப்புச் சாயம், இ 901 தேன்மெழுகு. "பால் கலந்திருக்கலாம்"னு போட்டிருந்தா அது அலர்ஜி இருக்கிறவங்களுக்கான எச்சரிக்கை, பால் சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம் இல்ல, நான் வாங்குவேன்.

கேள்வி: சோயா பால் காபில திரிஞ்சு போகுது.

காபியோட புளிப்பும் சூடும் சேர்ந்து பண்ற வேலை. பாலை லேசா சூடு பண்ணிட்டு அதுல காபியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, காபியும் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஓட்ஸ் பால் அவ்வளவா திரியாது.

கேள்வி: ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம். வாரம் பூராவுக்கும் சாதம் வடிச்சு வைக்கலாமா?

பயறும் குழம்பும் தாராளமா வைக்கலாம், ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு ஃப்ரீசர்ல போட்டுடுங்க. சாதம்தான் ஜாக்கிரதை, வெந்த பிறகும் தப்பிக்கிற ஒரு பாக்டீரியா வெளில வச்ச சாதத்துல பெருகி விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது. அகலமான தட்டுல பரப்பி ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகணும், மறுநாளே சாப்பிட்டுடணும், அதுக்கு மேலன்னா ஆறின உடனே ஃப்ரீசர். எடுத்து சாப்பிடும்போது ஆவி பறக்குற அளவு சூடு பண்ணுங்க, அதுவும் ஒரே ஒரு தடவைதான்.