இபிஓ ஏற்பியும் இரண்டு கை ஆன்டிபாடியும்: கேள்வி பதில்

கேள்வி: ஆன்டிபாடி என்றால் கிருமியைப் பிடித்துத் தடுப்பதுதானே? சில ஆன்டிபாடிகள் ஹார்மோன் வேலையையே செய்யும் என்கிறார்களே, அது எப்படி?

பதில்: தடுப்பது மட்டுமே அதன் வேலை இல்லை. கிரேவ்ஸ் என்ற தைராய்டு நோயில் உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி, தைராய்டின் டிஎஸ்எச் ஏற்பியில் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் வந்து ஒட்டும், செல்மேல் உள்ள புரதத்தில்) போய் உட்கார்ந்துகொள்ளும். ஹார்மோன்தான் வந்திருக்கிறது என்று நம்பி, சுரப்பி தாறுமாறாகச் சுரக்கும்.

கேள்வி: சிவப்பணு விஷயத்தில்?

பதில்: இங்கே ஹார்மோன் எரித்ரோபொய்டின், சுருக்கமாக இபிஓ. பெரும்பாலும் சிறுநீரகத்தில் உருவாகி எலும்பு மஜ்ஜைக்கு வந்து, சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும். ஓர் இபிஓ மூலக்கூறு இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும். செல்லுக்குள் ஒவ்வொரு ஏற்பியின் வாலிலும் ஜாக்2 என்ற நொதி ஒட்டியிருக்கிறது. இரண்டு ஜாக்2-வும் சரியான கோணத்தில் நெருங்கினால் ஒன்றையொன்று உசுப்பிவிடும்; அதன் விளைவாக ஸ்டாட்5 என்ற புரதம் உட்கருவுக்குள் போய்ச் சேதி சொல்லும்.

ஆன்டிபாடிக்கோ பிறவியிலேயே இரண்டு கை. கைக்கொரு ஏற்பியைப் பிடித்து இழுத்தால் போதும். 1990களில் இப்படிப்பட்ட ஆன்டிபாடிகளைச் செய்தே பார்த்துவிட்டார்கள்: இபிஓ ஒரு சொட்டுக்கூட இல்லாமல் செல்கள் பெருகின. அதே ஆன்டிபாடியை நறுக்கி ஒரு கையை மட்டும் கொடுத்தால் ஏற்பியில் ஒட்டும், ஆனால் ஒன்றும் நடக்காது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

கேள்வி: அப்படியானால் நிறையக் கொடுத்தால் நிறைய ரத்தம் ஊறுமா?

பதில்: ஊறாது. அளவு மிஞ்சினால் ஒவ்வொரு ஏற்பிக்கும் தனித்தனி ஆன்டிபாடி கிடைத்துவிடும், ஜோடி சேராது.

கேள்வி: அப்பா டயாலிசிஸில் இருக்கிறார், வாரம் மூன்று இபிஓ ஊசி. இந்த ஆன்டிபாடி மருந்தாக வருமா?

பதில்: ஆசை நியாயமானது. இபிஓ ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். ஆன்டிபாடி வாரக்கணக்கில் இருக்கும். ஆனால் இன்றைக்கு அவருக்கு எழுதித் தரக்கூடிய மருந்தாக அது இல்லை.

கேள்வி: இபிஓ ஊசியால் ரத்தமே ஊறாமல் போகும் என்கிறார்களே, அதுவும் ஆன்டிபாடிதானா?

பதில்: ஆமாம், ஆனால் கதை நேர் எதிர். அந்த ஆன்டிபாடி பிடிப்பது ஏற்பியை அல்ல, இபிஓவையே. ஊசி மருந்தோடு உடம்பின் சொந்த இபிஓவும் வீணாகும். அரிதுதான். 2002இல் பிரான்சிலிருந்து 13 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்த பிறகுதான் பரபரப்பு. ஊசி போட்டும் ஹீமோகுளோபின் சரிந்துகொண்டே போனால், ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இப்படி இபிஓவுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டானவர்களில் சிலருக்குக் கைகொடுத்த மருந்து பெஜினெசடைட். இபிஓவின் சாயலே இல்லாத பெப்டைட் (குட்டிப் புரதத் துண்டு) என்பதால் அந்த ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியவில்லை. ஏற்பியை மட்டும் ஒழுங்காக இயக்கியது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடுமையான ஒவ்வாமையில் சிலர் இறக்க, 2013 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள்.