பழைய சூரியக் கடிகாரங்களைத் தேடிச் செல்வோருக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பயணம் செல்லும் இடங்களில் பழைய சூரியக் கடிகாரங்களைத் தேடிப் பார்க்கும் ஆர்வம் அண்மையில்தான் ஏற்பட்டது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பிரித்தானியச் சூரியக் கடிகாரக் கழகமும் (1989), வட அமெரிக்கச் சூரியக் கடிகாரக் கழகமும் (1994) தத்தம் நாடுகளில் உள்ள கடிகாரங்களுக்குப் பதிவேடுகளைப் பேணி வருகின்றன. அந்நாடுகளுக்குச் செல்வோர் அவற்றிலிருந்து தொடங்கலாம். ஆயினும் பட்டியலில் உள்ளதை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதி மகிழ்ச்சிதான். கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். வடகோளத்தின் நடு அட்சரேகைகளில் பழைய கட்டடங்களின் தென்சுவரையும், வாயிலின் மேற்பகுதியையும், மாடி ஜன்னல்களுக்கு இடையிலுள்ள சுவரையும் முதலில் பாருங்கள். தேவாலயமானால் தெற்கு வாயிலின் இரு பக்கத்துக் கற்களையும், மடமானால் உள்முற்றத்தையும் பாருங்கள். பழைய பள்ளிவாசல்களின் கடிகாரங்களில் அஸர் தொழுகைக்கென்று தனிக் கோடு இருக்கக்கூடும்.

கேள்வி: ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் உள்ள சாம்ராட் யந்திரம் என்னும் பெரிய சூரியக் கடிகாரம் மிகத் துல்லியமானது என்று படித்திருந்தேன். பிப்ரவரியில் நேரில் பார்த்தபோது என் கைக்கடிகாரத்தைவிட அது முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கியிருந்தது. பழுதாகிவிட்டதா?

பதில்: பழுது எதுவும் இல்லை. நீங்கள் கண்டது அந்த யந்திரம் சரியாக இயங்குகிறது என்பதற்கான சான்று. சூரியக் கடிகாரம் தான் நிற்கும் இடத்தின் நேரத்தைக் காட்டுகிறது. உங்கள் கைக்கடிகாரமோ இந்தியா முழுமைக்கும் பொதுவான, 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிட வேறுபாடு உண்டு. ஜெய்ப்பூர் ஏறத்தாழ 75.8 பாகையில் இருப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 27 நிமிடம் தாமதமாகத்தான்.

இதனுடன், வானியலார் நேரச் சமன்பாடு என்று அழைக்கும் இன்னொரு வேறுபாடும் சேர்கிறது. பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. அச்சிறு வேறுபாடுகள் நாள்தோறும் சேர்ந்து, நிழலை நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தச் செய்கின்றன. பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தச் செய்கின்றன. எனவே நீங்கள் பார்த்த பிப்ரவரியில் 27-உம் 14-உம் கூடி 41 நிமிடம் ஆயிற்று. நவம்பர் தொடக்கத்தில் சென்றிருந்தால் வேறுபாடு 11 நிமிடமாகக் குறைந்திருக்கும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களையொட்டி இந்த இரண்டாவது வேறுபாடு மறைந்துபோகும். எந்த ஊருக்குப் போனாலும் புறப்படும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்; கடிகாரத்தைக் குறை சொல்லும் முன் அந்தத் தாளைப் பாருங்கள்.

சாம்ராட் யந்திரத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சுமார் 27 மீட்டர் உயரமுள்ள அந்த யந்திரத்தின் நிழல், அளவுகோலின் மீது நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் சூரியன் ஒரு புள்ளியன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆதலால் நிழலின் ஓரம் 2 நிமிட அகலத்துக்கு மங்கலாகவே விழும், அதை நுட்பமாக வாசிப்பதற்குப் பழக்கம் வேண்டும். கூட்டம் குறைந்த காலை வேளையில் அதன் அருகே அரை மணி நேரமாவது நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பழைய மாளிகைத் தோட்டங்களில் கல்தூண் மீது பதித்த பித்தளைக் கடிகாரங்கள் பெரும்பாலும் தவறாகவே காட்டுகின்றன. அவற்றைப் பார்ப்பதில் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. அவற்றுள் பல வேறிடத்துக்காகச் செய்யப்பட்டு, பின்னர் விற்கப்பட்டோ பெயர்க்கப்பட்டோ வந்தவை. நிழல் தரும் சாய்முள் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அதாவது அதன் சாய்கோணம் அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். முள்ளைத் தொடாமல் பக்கவாட்டில் நேராக நின்று ஒரு படம் எடுத்துப் பின்னர் அதில் கோணத்தை அளந்தால், அது எந்த அட்சரேகைக்காகச் செய்யப்பட்டது என்பது தெரியும். முள் வளைந்திருந்தால் இந்த வழி ஏமாற்றும்.

இந்தத் தவறு மிகப் பழையது. கி.மு. 263-இல் சிசிலியின் கட்டானியா நகரிலிருந்து போரில் கைப்பற்றிய சூரியக் கடிகாரம் ஒன்றை ரோமாபுரியில் பொதுவிடத்தில் நிறுவினார்கள். அது 4 பாகைக்கும் மேல் தெற்கேயுள்ள ஊருக்கான கடிகாரம். ஆயினும் ரோமானியர் 99 ஆண்டுகள் அதையே பின்பற்றினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஆகவே தவறாகக் காட்டும் கடிகாரத்தைக் கண்டால், அது எந்த இடத்துக்குச் சொந்தமானது என்று கேளுங்கள். எனக்கு இத்தேடலின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான்.

கேள்வி: இத்தாலியில் ஒரு சுவர்க் கடிகாரத்தில் எண்கள் 24 வரை சென்றன, நண்பகலில் நிழல் 12-இல் விழவில்லை. இது எப்படி?

பதில்: அது இத்தாலிய மணிக்கணக்கு. சூரியன் மறையும் நேரத்தை 24 என்று கொண்டு, அங்கிருந்து மறுநாளின் மணிகளை எண்ணுவார்கள். நிழல் 20-இல் இருந்தால், மறைவுக்கு இன்னும் 4 மணி நேரம் இருக்கிறது. வயலில் வேலை செய்பவருக்கும் வழிநடப்பவருக்கும் தேவைப்பட்டது அதுவே என்பதால், நம்முடைய கணக்கைவிட அது எளியதென்றே சொல்வேன். இவ்வகைக் கடிகாரத்தில் நிழலின் நுனி எங்கே விழுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

கேள்வி: இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயச் சுவர் ஒன்றில் ஒரு துளையும் அதைச் சுற்றிக் கீறல்களும் கண்டேன். முள் இல்லை. யாரோ விளையாட்டாகக் கீறியதா?

பதில்: துளையிலிருந்து கீழ்நோக்கி விசிறி போல் கோடுகள் விரிந்திருந்தால், அது பெரும்பாலும் இடைக்காலத்தில் வழிபாட்டு வேளை அறியப் பயன்பட்ட கடிகாரமாகவே இருக்கும். துளையில் ஒரு குச்சி செருகப்பட்டிருந்தது. அக்கோடுகள் நம்முடைய சம அளவான மணிகளைக் காட்டுவதில்லை. கல்லைப் பிற்காலத்தில் வேறிடத்தில் பயன்படுத்தியதால், சில தலைகீழாகவும், சில வெயிலே படாத வடபுறத்திலும், சில கட்டடத்துக்கு உள்ளேயும் இருக்கின்றன.

இவற்றுக்கும் முந்தியது யார்க்‌ஷயரின் கர்க்டேல் தேவாலயத்தில் உள்ள கடிகாரம். பகலை 8 பகுதிகளாகப் பிரிக்கும் அதன் இரு பக்கத்திலும் பழைய ஆங்கில எழுத்துகள் உள்ளன. இடிந்து வீழ்ந்திருந்த ஆலயத்தை கமலின் மகன் ஓர்ம் வாங்கி அடித்தளத்திலிருந்து புதுப்பித்தார் என்றும், அது எட்வர்ட் அரசர், டோஸ்டிக் பிரபு ஆகியோரின் காலம் என்றும் அவை சொல்வதால், 1055-க்கும் 1065-க்கும் இடையில் செதுக்கப்பட்டது என்று உறுதியாகக் கூறலாம். பிற்காலத்தில் எழுப்பிய முகப்பு மண்டபம் அதன் மேல் விழும் வெயிலை மறைத்துவிட்டது. எழுத்துகள் மழையில் கரையாமல் காத்ததும் அதே மண்டபந்தான்.

கேள்வி: பெய்ஜிங் அரண்மனையின் சாய்ந்த கல்வட்டில் மேற்புறம் நிழலே இல்லை. நான் சென்றது டிசம்பரில், நல்ல வெயில் இருந்தது.

பதில்: குனிந்து அடிப்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வட்டு பூமியின் நடுக்கோட்டுத் தளத்துக்கு இணையாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே மார்ச் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை மேல்முகத்திலும், மற்ற மாதங்களில் கீழ்முகத்திலும் வெயில் படும். வெப்பமண்டல ஊர்களிலும் இதே கவனம் தேவை. அங்கே சூரியன் சில மாதங்கள் தலைக்கு வடக்கே செல்வதால், தென்சுவரோடு வடசுவரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரே ஓர் இடத்துக்குத்தான் செல்ல முடியும் என்றால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: ஏதென்ஸின் எண்கோணக் காற்றுக் கோபுரத்தைப் பலர் சொல்வார்கள். எட்டு முகங்களிலும் கடிகாரக் கோடுகள் தாங்கிய அது சிறப்பானதே. எனினும் நான் இத்தாலியில் போலோக்னா நகரின் சான் பெட்ரோனியோ ஆலயத்தைச் சொல்வேன். 1655-இல் வானியலறிஞர் காசினி அமைத்த 67 மீட்டர் நண்பகல் கோடு அதன் தரையில் ஓடுகிறது. 27 மீட்டர் உயரத்திலுள்ள சிறு துளை வழியே வரும் ஒளிவட்டம் நண்பகலில் அக்கோட்டைக் கடக்கிறது. வெளிக் கடிகாரத்தில் 12 மணி என்று எண்ணிச் சென்று ஏமாறாதீர்கள். அங்கே அது பிப்ரவரியில் 12.29 அளவிலும், நவம்பர் தொடக்கத்தில் 12-க்குச் சற்று முன்னும் நிகழும். கோடைக்கால நேரம் நடப்பிலிருந்தால் 1 மணி நேரம் கூட்டுங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து, கால் மணி நேரம் முன்பே சென்றுவிடுங்கள்.

கேள்வி: மங்கிய கோடுகளைப் படம் எடுக்கச் சுண்ணக்கட்டியால் தீட்டலாமா?

பதில்: கூடாது. பாசியைச் சுரண்டுவதும், தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும் கூடாது. வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும் நேரம் வரை காத்திருங்கள். இல்லையேல், மாலையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒளி பாய்ச்சுங்கள். கண்ணுக்கே தெரியாத கீறல்கள்கூட அப்போது எழுந்து வரும். படத்தோடு நாள், நேரம், சுவர் நோக்கும் திசை, முள்ளின் நிலை, பொறித்த வாசகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்துச் சுவர் எத்திசையை நோக்கினாலும் நண்பகல் கோடு நேர்கீழாக இறங்க வேண்டும். அது சாய்ந்திருந்தால், கல் இடம் மாறியிருக்கலாம், அல்லது தீர்க்கரேகைத் திருத்தத்தைக் கோடுகளிலேயே சேர்த்திருக்கலாம். அதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: கண்டுபிடித்தவற்றின் இருப்பிடத்தை இணையத்தில் வெளியிடலாமா?

பதில்: சுவரில் செதுக்கியவற்றைத் தயக்கமின்றி வெளியிடலாம். தூணில் பதித்த பித்தளை, வெண்கலத் தட்டுகள் எளிதில் களவு போகக்கூடியவை. தனியார் தோட்டத்தில் இருப்பவற்றை உரிமையாளர் சம்மதமின்றி வெளியிடாதீர்கள், பதிவேட்டுக்கு மட்டும் அனுப்புங்கள்.